பாண் பொதியுடன் மலைநாடு வரை

பாண் என்னும் சொல் தமிழன்று; சிங்களமும் அன்று. 1505ஆம் ஆண்டில் இத்தீவின் கரையை அடைந்த போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல் அது. அவர்கள் 1619இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்தினார்கள். 1658இல் கோட்டையை ஒல்லாந்தரிடம் பறிகொடுத்துவிட்டுப் போனார்கள். போனவர்கள் அலமாரியையும், மேசையையும், சப்பாத்தையும், பாணையும் நம் நாவில் விட்டுவிட்டே போனார்கள். வீட்டுக்கு வீடு மூன்று சில்லு வண்டியில் பாண் விற்பவர் இன்று ஜெர்மானிய இசைமேதை பேதோவனின் மெட்டொன்றை ஒலிபரப்பிக்கொண்டு வருகின்றார். போர்த்துக்கேயர் சொல்லும் ஜெர்மானியர் பாட்டும் பிறதேசத்துக் கோதுமையும் ஒரே வண்டியில் நமது ஒழுங்கைக்குள் நுழைவதை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கின்றது.

பாணை இரு துண்டாக்கி நடுவே ஏதேனும் வைத்து உண்பதற்குச் சான்ட்விச் என்ற பெயர் ஆங்கிலேயரால் வந்தது. 1718 முதல் 1792 வரை வாழ்ந்த பிரபு ஒருவரின் பட்டப் பெயர் அது. சூதாட்ட மேசையை விட்டெழ மனமில்லாமல் அவர் அவ்வாறு உண்டார் என்று ஒரு கதை உண்டு. சூதாட்ட மேசையன்று, கடற்படை அலுவல்கள் குவிந்து கிடந்த எழுத்து மேசையே என்று வாதிடுவோரும் உளர். எம்மேசையாயினும் ஆகுக. எழுந்து போகாமல் உண்பதற்கு ஏற்ற உணவு என்பதிலே இரு திறத்தாரும் ஒன்றுபடுகின்றனர். பிரயாணிக்கும் அதுதானே வேண்டும்!

நம் நாட்டில் கோதுமை பயிராவதில்லை. ஆதலாற் பாணுக்கு அடிக்கடி நோய் கண்டுவிடுகின்றது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் விடியுமுன்னரே பாண் வரிசையில் நின்ற கதையை நம் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2022இல் டொலர் இல்லாமற்போன மாதங்களில் மாவும் எரிவாயுவும் கிடையாமற் பல பேக்கரிகள் அடுப்பை அணைத்ததை நாமே கண்டோம். பாண் எந்நாளும் பிறர் தயவு. ஆனால் அதன் நடுவே நாம் வைப்பது நமது மண்ணிலும் மரத்திலும் விளைவது. ஓர் ஊரைப் பாணின் மேற்றோலைக் கொண்டு அறிய முடியாது. உள்ளே இருப்பதைக் கொண்டு ஓரளவு அறியலாம் என்பது என் எண்ணம்.

2018ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் எமது கல்லூரி உயர்தர வகுப்பு மாணாக்கர் இருபத்திருவருடன் மலைநாட்டுக்குச் சென்றபோது இதனைச் சோதித்துப் பார்க்க வாய்ப்புக் கிட்டியது. வழியில் உண்ணும் பாண் பொதியை ஒவ்வொருவரும் வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும். நடுவே வைப்பதைத் தம் கையாலேயே செய்திருக்க வேண்டும். கடைச் சாமான் ஆகாது என்பது கட்டளை. நல்லூர்த் திருவிழாக் காலமாதலாற் பலர் மச்சம் உண்ணாதிருந்தனர். எனவே மரக்கறிப் பொதியே எல்லார்க்கும் என முடிவாயிற்று.

காங்கேசன்துறைப் புகையிரதப் பாதை 1905இல் நிறைவுற்றது. யாழ்தேவி 1956இல் ஓடத் தொடங்கியது. இவற்றை நான் அறிந்தது நூல்களிலிருந்துதான். 1990இல் வண்டி நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளின் கூரைகளாயின. 2014ஆம் ஆண்டு ஒக்டோபரிலேதான் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் வண்டி வந்தது. ஆகவே எமது தலைமுறையார் பள்ளிப் பருவத்திற் புகையிரதத்திற் பொதி அவிழ்த்ததேயில்லை. முன் இருக்கையிலிருக்கும் முகமறியாதவர் “எடுங்கோ தம்பி” என்று இலையை நீட்டுவார் எனப் பெரியோர் கூறுவதை ஏதோ புராணக் கதைபோலக் கேட்டு வளர்ந்தோம்.

ஆனையிறவுக் கடனீரேரி கழிந்து, கிளிநொச்சியும் கழிந்ததும் பொதிகள் அவிழ்ந்தன.

முதலில் வெளிவந்தது சீனிச் சம்பல். ஒரு போத்தல் நிறைய! கொண்டு வந்தவன் வலிகாமத்து வெங்காயத் தோட்டக்காரர் ஒருவரின் மகன். செம்மண்ணில் விளைந்த சின்ன வெங்காயத்தை அரைக் கிலோ அளவு மெல்லியதாக அரிந்து, மெல்லிய தணலில், எண்ணெயில், பொன்னிறமாகும் வரை பொறுமையாக வதக்க வேண்டும். அவசரப்பட்டால் ஓரம் கருகி நடு பச்சையாக நிற்கும். பின்னர் கறிவேப்பிலை, ஒரு துண்டு கறுவா, இடித்த செத்தல் மிளகாய், உப்பு, கெட்டியான புளிக்கரைசல் இவற்றைச் சேர்த்துப் புளியின் நீர் வற்றுமட்டும் கிளற வேண்டும். சீனி இரண்டு மேசைக்கரண்டி, இறக்குவதற்குச் சற்று முன்பே. ஈரக் கரண்டி படாதிருந்தாற் பல நாளைக்குக் கெடாது. வழக்கமாக இதிற் சேரும் மாசி இல்லாமலும் ஒரு குறையும் தோன்றவில்லை. இதற்கு இணை றோஸ் பாண். அதன் மொறுமொறுத்த தோல் எண்ணெயை உள்ளே விடாது.

அடுத்து உருளைக்கிழங்குப் பிரட்டல். அவித்து உதிர்த்த கிழங்கை வெங்காயம், மிளகாய்த்தூள், கடுகு, பெருஞ்சீரகம் தாளித்துப் பிரட்டியது. பிரயாணத்துக்கு இதைவிடக் கைகொடுப்பது வேறில்லை என்பேன். சாறு இல்லை, சிந்தாது, மதியம் வரை பழுதாகாது. அச்சுப் பாணில் வைத்து அழுத்தி, வாட்டிய வாழையிலையிற் சுற்றியிருந்தான். இலை மணம் பாணிலும் ஏறியிருந்தது.

வல்லாரைச் சம்பல் கொண்டுவந்தவன் நிலைதான் இரக்கத்துக்குரியது. வல்லாரை இலையை மிக நுண்மையாக அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய், தேசிப்புளி, உப்பு விட்டுப் பிசைந்தால் அருமையான சம்பல். ஆனால் உப்புப் பட்டதும் இலை நீர் விடும். மூன்று மணி நேரத்திற் பாண் கூழாகிவிட்டது. இவ்வாறான ஈரச் சம்பல்களைப் பாணில் வைப்போர் முதலில் இரு துண்டுகளின் உட்புறத்திலும் விளிம்பு வரை வெண்ணெய் பூசிவிட வேண்டும். வெண்ணெய் சுவைக்காக மாத்திரமன்று. அது நீரைத் தடுக்கும் அணை. உப்பையும் புளியையும் தனிச் சரையாகக் கொண்டுபோய் உண்ணும்போது சேர்ப்பது அதனினும் நன்று. இன்னொன்று: சூட்டுப் பாணை வெட்டலாகாது. கத்தியோடு ஒட்டிக்கொண்டு வரும். முதல்நாட் பாணே சீராக வெட்டுப்படும்.

கதலிப்பழத்தைப் பிசைந்து, சீவிய பனங்கட்டியும் துளி தேசிப்புளியும் சேர்த்துக் கொணர்ந்தவனும் உண்டு. பழம் சற்றுக் கறுத்திருந்தமையாற் பார்வைக்கு அழகில்லை. எனினும் முதலில் முடிந்தது அதுதான்.

வவுனியாவில் ஏறிய முதியவர் ஒருவருக்கும் அவருடைய பேத்திக்கும் இடம் கொடுத்த மாணாக்கர், இலையையும் நீட்டினார்கள். பெரியோர் சொன்ன புராணம் பொய்யன்று எனக் கண்டுகொண்டேன். முதியவர் தம் பையிலிருந்து உழுந்து வடை எடுத்துத் தந்தார். பாணின் நடுவே வடையை வைத்து அழுத்தி உண்ணும் புதுமையையும் அப்பேத்தியே கற்பித்தாள்!

வடபாதை தலைப்பாதையோடு கூடும் இடம் பொல்காவலை. பொல் என்பது சிங்களத்திலே தேங்காய். பெயருக்கேற்பச் சுற்றுமுற்றும் தென்னை. மலைநாட்டுக்குச் செல்லும் இரவு அஞ்சல் வண்டி வரும் வரை பல மணி நேரம் அங்கே காத்திருக்க வேண்டியதாயிற்று. எஞ்சிய பாணைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கு அருகே ஒரு தேநீர்க் கடைக்குட் புகுந்தோம். நாம் மச்சம் உண்பதில்லை என்பதை அரைகுறைச் சிங்களத்தில் ஒருவன் விளக்கியதும், கடைக்காரப் பெண்மணி எங்கள் கண்ணெதிரிலேயே திருவலையை எடுத்துத் தேங்காய் திருவினாள். செத்தல் மிளகாயையும் உப்பையும் அம்மியில் முதலில் மையாக அரைத்தாள், வெங்காயத்தை நசுக்கினாள், தேங்காய்ப்பூவைக் கடைசியில் இட்டு இரண்டே இழுப்பு. தேங்காயை அதிகம் அரைத்தாற் பால் பிரிந்து சம்பல் சளசளத்துவிடும். தேசிக்காயைப் பிழிந்து கையாற் பிசைந்தாள். யாழ்ப்பாணத்தில் நாமும் இதனையே இடிக்கிறோம். ஆயினும் திருவிய கணத்திலேயே அரைத்த அத்தேங்காயின் இனிப்பு வேறு. காசு வாங்கும்போது பாண் எங்களுடையது என்பதால் அதற்கு விலை கழித்துக்கொண்டாள். இதையும் எழுதத்தான் வேண்டும்.

நானுஓயாவில் இறங்கியபோது விடியவில்லை. குளிர் எலும்பைத் தொட்டது. நுவரெலியாவை ஆங்கிலேயர் தம் ஊர்போல ஆக்க விரும்பினர். சாமுவேல் பேக்கர் என்பார் 1848இல் அங்கே ஆங்கில முறைப் பண்ணையொன்றைத் தொடங்கினார். கரட், பீற்றூட், லீக்ஸ், கோவா முதலியவற்றின் செழிப்பை இன்றும் அவ்வூர்ச் சந்தையிற் காணலாம். விருந்துகளிற் சிவப்பும் பச்சையும் செம்மஞ்சளுமாக அடுக்கிவைக்கும் சான்ட்விச்சுக்குச் சாயம் தருபவை அப்பீற்றூட்டும் கரட்டும் தாம். அவற்றைத் துருவி, நீரைப் பிழிந்தெடுத்து, வெண்ணெயும் மிளகுத்தூளும் சேர்த்துக் குழைத்துப் பூசினாற் போதும். பாணின் ஓரத்தை வெட்டி எறியும் நாகரிகம் மட்டும் எனக்கு உடன்பாடன்று. வெட்டிய ஓரங்களை வெயிலில் உலர்த்தி இடித்தாற் கட்லட்டுக்குத் தூளாகும்.

எமது மாணாக்கருள் ஒருவன் மலைநாட்டவன். மூன்றாண்டு விடுதியில் இருந்து பயில்பவன். ஊர் எது என்று எவர் கேட்டாலும் ‘நுவரெலியாப் பக்கம்’ என்பதற்குமேற் சொல்லமாட்டான். அதன் காரணம் நம்மவர்க்குத் தெரியாததன்று. இந்நாட்டின் தேயிலைச் செல்வத்தைத் தம் முதுகிற் சுமந்த மக்களைக் குறிக்க யாழ்ப்பாணத்திலே வழங்கிய சொற்கள் நல்ல சொற்கள் அல்ல. 1948இல் அவர்களிற் பெரும்பாலோரின் குடியுரிமை பறிபோனபோது அதற்குக் கைதூக்கியவர்களில் வடபகுதிப் பிரதிநிதிகளும் இருந்தனர். வரலாறு கற்பிக்கும் ஆசிரியன் இதனை மறைத்துவிட்டு வேறெதனைக் கற்பிப்பது?

புறப்படுவதற்கு முதல் வாரத்தில் அம்மாணவனே என்னிடம் வந்து, “சேர், எங்கட வீட்டில அம்மா எல்லாருக்கும் காலைச் சாப்பாடு தர விரும்புறா. லயத்து வீடுதான் சேர், இடம் காணாது” என்றான். வாசலில் இருந்து சாப்பிடுவோம் என்றேன். மூன்றாண்டில் யாழ்ப்பாணத்துப் பேச்சு அவன் நாவில் ஏறியிருந்தது. லயத்து வாசலை மிதித்ததும் அது எங்கோ மறைந்து, “அம்மா, எல்லாரும் வந்துட்டாங்க” என்று தன் பேச்சுக்கு அவன் திரும்பியதை நான் கவனித்தேன்.

அங்கே பாண் இல்லை, ரொட்டி. இரண்டாம் உலகப் போரில், 1942இல் பர்மா வீழ்ந்து அரிசி வரவு நின்ற பின்னர் கோதுமை மா இந்நாட்டில் மிகுதியாகப் புழங்கலாயிற்று. தோட்டங்களில் அது நிலைபெற்றுவிட்டது. நான்கு கோப்பை மாவுக்கு ஒரு கோப்பைக்குச் சற்றுக் கூடிய தேங்காய்ப்பூ, உப்பு, இளஞ்சூட்டு நீர். பிசைந்து, மூடி, அரைமணி நேரம் விட வேண்டும். விரல் தடிப்புக்குக் கையாலேயே தட்டிக் கல்லில் இருபுறமும் வேகவிட்டு, ஈற்றில் தணலோரம் ஒரு கணம் நிறுத்த வேண்டும். சம்பலை ஒரு பாதியில் வைத்து மறுபாதியை மடித்தால், கொழுந்து பறிக்க மலையேறும் பெண்ணின் மதிய உணவு ஆயிற்று. பிரபுவின் பெயர் வேண்டாத சான்ட்விச் அது! எழுந்து போக நேரமில்லாதவர் உணவு என்றால் அதற்கே அப்பெயர் பொருந்தும்.

“ஆறவச்சா கல்லாயிரும் தம்பிகளா, சூட்டோட சாப்பிடுங்க” என்று அவ்வம்மையார் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டேயிருந்தார். சம்பலோடு லீக்ஸும் கரட்டும் அரிந்து, மிளகும் உப்பும் இட்டு வதக்கி வைத்திருந்தார். லீக்ஸின் மடிப்புகளில் மண் ஒளிந்திருக்குமாம். நெடுக்காகப் பிளந்து மூன்று நீரிற் கழுவ வேண்டுமாம். வெங்காயத் தோட்டக்காரரின் மகன் ஐந்து ரொட்டி உண்டான். பின்னர்க் குறிப்புப் புத்தகத்தை எடுத்துவந்து, “அம்மா, மா எவ்வளவு, தேங்காய் எவ்வளவு?” என்று கேட்டு எழுதலானான். அம்மையார் கை அளவைக் காட்டினாரேயன்றிக் கோப்பைக் கணக்கு அறியார். அருகிலிருந்து அளந்து சொன்னவன் மகன். நான் மேலே எழுதிய கணக்கு அவன் சொன்னதுதான்.

அன்று நண்பகல் வரை அவனே எங்களுக்கு வழிகாட்டி. பெரட்டுக்களம், கொழுந்து நிறுக்கும் இடம், தான் ஐந்தாம் வகுப்பு வரை படித்த பாடசாலை எனக் காட்டிக்கொண்டே சென்றான். மூன்று ஆண்டுகளில் வகுப்பிற் பேசியதிலும் அதிகமாக அன்று அவன் பேசினான்.

விடைபெறும்போது, சீனிச் சம்பலில் எஞ்சிய பாதிப் போத்தலை அம்மையாரிடம் கொடுத்தோம். அவர் அதனை உள்ளே கொண்டுபோய் வேறு ஏனத்திற் கொட்டி, போத்தலைக் கழுவித் துடைத்துத் தணலருகே காயவைத்தார். வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அங்கேயும் இல்லைப் போலும். வாய்வரை தேயிலைத்தூள் நிறைத்து, மூடியை இறுக்கி, அதைக் கொண்டுவந்தவன் கையிலேயே கொடுத்தார். திரும்பும் வழியெல்லாம் அப்போத்தல் அவன் மடியிலேயே இருந்தது. மூடியைத் திறந்தபோதெல்லாம் தேயிலை மணத்தோடு மெல்லிய வெங்காய மணமும் வந்தது.