என்ஜினை யார் திறப்பது?

திருகோணமலையில் லொறி ஓடாத நாளில் துறைமுகத்தில் வேலையும் பாதிதான் நடக்கும். சீனக்குடாவில் 1980 முதல் ஓடும் பிரீமா மாவாலை, அதே பத்தாண்டில் எழுந்த டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை, கிண்ணியாப் பக்கத்து ஆற்றுமணல், கரையோர வாடிகளின் மீன் என்று எதை எடுத்தாலும், அது பெரும்பாலும் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை தாண்டி ஏ6 வீதியால்தான் ஊர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த வீதியில் பெரிய நிறுவனங்களின் வாகனங்களோடு, ஒரு குடும்பத்துக்கு ஒரு லொறி, அந்த லொறிக்கு ஒரு லீசிங் தவணை என்ற கணக்கில் ஓடுபவையும் பல. அப்படிப்பட்ட லொறி ஒன்றுக்கு என்ஜின் செய்ய வேண்டி வந்துவிட்டால் வீட்டில் யாருக்கும் நித்திரை வராது. கராஜில் விடுவதா, வளவுக்குள் செயின் புளொக்கைக் கட்டி நாமே இறக்குவதா?

கேள்வி பழையது. ஆனால் அண்மைக்கால நெருக்கடி அதைக் கூர்மையாக்கிவிட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தடை பரவலாக நீங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், இரண்டே மாதத்தில் 360 வரை ஏறியது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பிஸ்டன், லைனர், பெயரிங் எல்லாம் டொலரோடு சேர்ந்து ஏறின. புது லொறி கனவாகிப்போக, கையிலிருக்கும் பழைய என்ஜினுக்கு மறுவாழ்வு கொடுப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கூலியையாவது மிச்சம் பிடிப்போம் என்று பலர் ஸ்பானரைக் கையில் எடுத்தது அப்போதுதான்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. இது தானே செய்து பழகிய மண். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை அக்கரை லொறிகள் பாதைப்படகில் ஏறித்தான் நகரத்துக்கு வந்தன. வடக்கில் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது, ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. சாமான் இல்லாத காலத்தில் கைவசம் இருந்ததை வைத்து ஓட்டிய அந்தத் திறமை பெரிய சொத்து. அதே திறமை, அளந்து பார்க்க வேண்டிய இடத்தில் கண்மதிப்பை நம்ப வைக்கும்போதுதான் காசைத் தின்கிறது.

முதலில், திறக்க வேண்டுமா என்பதே ஒரு கேள்வி. “நானா, புகை அடிக்குது, என்ஜினைப் பிரிக்கோணுமா?” என்று டிரைவர் கேட்டால், நல்ல மெக்கானிக் உடனே ஆமென்று சொல்ல மாட்டார். என்ன நிறப் புகை என்று கேட்பார். கறுப்பென்றால் எயார் ஃபில்டரையும் நொசில்களையும் பார்ப்பார். நீலமென்றால் எண்ணெய் எரிகிறது. ஆனால் அது ரிங் தேய்ந்ததால் மட்டும் வருவதில்லை. டர்போவின் சீல் போனாலும் அதே நீலப் புகைதான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை வந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால், ஹெட் கெஸ்கட் பக்கம் சந்தேகம் போகும். எண்ணெய் மூடியைத் திறந்து, என்ஜின் ஓடும்போது அங்கே காற்று எவ்வளவு தள்ளுகிறது என்று கையை வைத்துப் பார்ப்பார். கம்பிரஷன் கேஜ் இருந்தால் ஒவ்வொரு சிலிண்டராக அளப்பார். வருடாந்த வரி அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் தவறியதற்காக முழு என்ஜினையும் பிரித்தபின், குற்றவாளி நொசில்தான் என்று தெரியவந்தால், மூடும்போது அத்தனை கெஸ்கட்டும் புதிதாக வாங்க வேண்டும்.

ரேடியேட்டருக்கு என்ன தண்ணீர் ஊற்றினீர்கள் என்பது இந்தக் கரையோரத்தில் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி. கடலோரக் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் உவர்ப்பு. அதை வருடக்கணக்காக ஊற்றினால் என்ஜினுக்குள் நீரோடும் வழியெல்லாம் காவி படியும், துரு பிடிக்கும். வெளியே ரேடியேட்டர் சுத்தமாகத் தெரியும். உள்ளே சூடு வெளியேற வழியிருக்காது. பாரத்தோடு வெயிலில் போகும்போது ஹெட் வளையும். ஹெட் கெஸ்கட்டை மட்டும் வீட்டில் மாற்றி, வளைந்த ஹெட்டை அப்படியே பூட்டினால் சில வாரங்களில் அதே வேலை திரும்பி வரும்.

இனி வளவுக்குள் இறக்கும் கதை. டாடா லொறிகள் பலவற்றில் உள்ள கம்மின்ஸ் 5.9 லீட்டர் என்ஜின் 400 கிலோவுக்கு மேல் நிறையுள்ளது. மாமரக் கிளையில் செயின் புளொக்கைக் கட்டி இறக்குவதைக் கண்டால் தடுத்து நிறுத்துங்கள். இரும்புச் சட்டம் வாடகைக்கு எடுக்கலாம், நசுங்கிய காலுக்கு மாற்றுக் கால் கிடையாது. இறக்கியபின் வேலை பொறுமையைக் கேட்கும். கொனெக்டிங் ரொட் ஒவ்வொன்றிலும் எந்தச் சிலிண்டருடையது என்று அடையாளம் போட வேண்டும். கெப்பை மாற்றியோ திருப்பியோ பூட்டக் கூடாது. போல்டுகளைப் பகுதி பகுதியாகப் பால்மா டின்களில் போட்டு, டின்னிலேயே எழுதி வைக்க வேண்டும். பிறகு பெயரிங் ஷெல்லைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முகம் சீரான சாம்பல் நிறத்தில் இருந்தால் நிம்மதி. நடுவில் செம்பு நிறம் தெரிந்தால் மேல்பூச்சு தேய்ந்து முடிந்துவிட்டது. நகத்தைக் கிராங்கின் மேல் மெல்ல இழுக்கும்போது கோட்டில் தட்டினால், அந்தக் கிராங் லேத்துக்குப் போக வேண்டியதுதான்.

வீட்டு வேலையின் எல்லை அங்கே வந்துவிடுகிறது. கிராங்கைக் கடைந்து 0.25 மில்லிமீற்றரோ 0.50 மில்லிமீற்றரோ குறைத்தால், அதற்கேற்ற சைஸ் பெயரிங் போட வேண்டும். பெயரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே விடும் இடைவெளி மில்லிமீற்றரின் நூறிலொரு பங்குக் கணக்கில் வரும். மைக்ரோமீற்றர் இல்லாமல் அதைச் சொல்ல எந்த அனுபவசாலியாலும் முடியாது. சிலிண்டர் துளைப்பது, ஹெட்டின் முகத்தைச் சீவுவது, வால்வ் சீட் வெட்டுவது எல்லாம் இயந்திரத்தின் வேலை. டீசல் பம்ப் இன்னும் கண்டிப்பானது. எந்தச் சிலிண்டருக்கு எவ்வளவு டீசல், எந்த நொடியில் என்பதைப் பரிசோதனை மேசையில் ஓட்டித்தான் ஒழுங்கு செய்ய முடியும். பம்பின் முத்திரையை வளவுக்குள் உடைப்பதைப் போன்ற வீண் செலவு வேறில்லை.

சொந்தக் கை வெல்லும் இடமும் உண்டு. அதே கம்மின்ஸ் குடும்பத்து என்ஜின் 1989 முதல் அமெரிக்காவில் டொட்ஜ் பிக்கப்களில் வந்தது. அதன் பழைய வகையில் டைமிங் பல்சக்கரங்களுக்கு அருகே உள்ள சிறிய இரும்பு முளை ஒன்று நாளடைவில் கழன்று பற்களுக்குள் விழும் ஆபத்து இருந்தது. விழுந்தால் என்ஜினே பாழாகலாம். அங்கே சொந்தக்காரர்கள் பலர் முன்பக்க மூடியைத் தாமே கழற்றி, முளை நகராதபடி சிறு தகட்டை வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். அளக்கவோ கடையவோ தேவையில்லாத, பொறுமையும் சுத்தமும் மட்டும் கேட்கும் வேலை அது.

கராஜுக்குக் கொடுப்பதிலும் இரண்டு விதம். முழுவதையும் ஒரு தொகைக்குப் பேசிவிட்டு வீட்டுக்குப் போவது ஒன்று. சாமானைத் தானே வாங்கிக் கொடுத்து, கூலிக்குப் பேசி, கழற்றும் நாளிலும் பூட்டும் நாளிலும் பக்கத்தில் நிற்பது மற்றது. லொறியை நம்பிப் பிழைக்கும் ஒருவருக்கு இரண்டாவதே சரி. ஆளை எப்படித் தேர்வது? மொரட்டுவையில் இயங்கும் ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் 1959இல் தொடங்கியது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 முதல் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. இங்கெல்லாம் படித்த பிள்ளைகளும், படிக்காமலே முப்பது வருடம் கை பழகியவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். சான்றிதழ் நல்லது, ஆனால் மேசையில் டொர்க் ரெஞ்சும் மைக்ரோமீற்றரும் இருக்கின்றனவா என்று பார்ப்பது அதைவிட நல்லது. ஹெட் போல்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சொன்ன வரிசையில், சொன்ன அளவுக்கு இறுக்காமல் கைப்பலத்தால் இறுக்குபவர் எவ்வளவு பேர்பெற்றவராக இருந்தாலும் வேறு ஆளைத் தேடுங்கள்.

கழற்றுவது, கழுவுவது, அடையாளம் போடுவது, சாமான் வாங்குவது உங்கள் கையில் இருக்கட்டும். அளப்பதையும் கடைவதையும் பம்பையும் அதற்கென்று இருப்பவர்களிடம் விடுங்கள். தவணை நெருங்குகிறது, லொறி ஒரு வாரத்துக்குள் வீதிக்கு வர வேண்டும் என்றால் முழுவதையும் கராஜுக்கே கொடுங்கள். எந்த வழியில் போனாலும், கழற்றிய பழைய சாமானைக் கையோடு கேட்டு வாங்குங்கள். கிராங் எந்தச் சைஸுக்குக் கடையப்பட்டது, என்ன பெயரிங் போடப்பட்டது என்று லேத்துக்காரரிடம் எழுதி வாங்கி, லொறியின் புத்தகத்தோடு வைத்துவிடுங்கள். அடுத்த முறை அந்த என்ஜினைத் திறப்பவருக்கு அந்தத் தாள் தேவைப்படும்.