பழி பேட்டரி மேல்

அதிகாலை 4.30. ஆங் மோ கியோவில் எங்கள் புளோக்கின் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடம். 6 மணிக்கு நான் வானொலியில் வணக்கம் சொல்ல வேண்டும். காரோ 'டக்' என்று ஒரு சத்தத்தோடு அடங்கிவிட்டது. போன மாதம்தான் புது பேட்டரி! டாக்சியில் ஓடினேன்.

மதியம் பக்கத்து வீட்டுக்காரர் ஜம்பர் கேபிள் போட்டுக் காரை எழுப்பிவிட, தொழிற்பேட்டைக்கு ஓட்டிப்போனேன். 1987இல் சிங்கப்பூரின் முதல் எம்ஆர்டி ரயில் ஓடிய ஐந்து நிலையங்களில் எங்களுடையதும் ஒன்று. அங்கே எப்போதும் கூட்டம். இந்தப் பக்கம் கிரீஸ் வாசமும், கோப்பிப் பையும் கையுமாகப் பட்டறை அங்கிள்களும்தான். எனக்கு இதுதான் பிடிக்கும்.

அங்கிள் மீட்டரை வைத்தார். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் காட்ட வேண்டும்; முள் 12ஐக்கூடத் தொடவில்லை. பெல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. ஸ்குரூடிரைவரின் பிடியால் ஆல்டர்னேட்டரை மெல்லத் தட்டினார். முள் 14க்குத் துள்ளியது! உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்து, சரியாகத் தொடாமல் நின்றிருக்கிறது. சம்பாதிப்பது ஆல்டர்னேட்டர், பேட்டரி வெறும் உண்டியல்.

டாஷ்போர்டில் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்ததா என்று கேட்டார். ஒரு வாரமாக மினுக்கியது. பேட்டரிதான் புதிதாயிற்றே என்று விட்டுவிட்டேன். சார்ஜ் ஏறவில்லை என்பதைத்தான் அது சொல்லுமாம்.

போன மாதம் கழற்றிய பழைய பேட்டரி எங்கே என்றார். தூக்கிப் போட்டாயிற்று என்றேன். தலையைச் சொறிந்தபடி பிரஷ் எடுக்க உள்ளே போனார்.