சின்சில்லா கேட்கும் பிள்ளைகளும், நம் வீட்டு முயல்களும்



நாங்கள் படிப்பிக்கும் வகுப்புகளில் இப்போது ஒரு புதுப் பேச்சு. போனில் வரும் வீடியோக்களில் பஞ்சு போன்ற சின்சில்லாவைப் பார்த்துவிட்டு, "சேர், வாங்கித் தரச் சொல்லி வாப்பாகிட்டச் சொல்லுங்க" என்கிறார்கள் பிள்ளைகள். ஆசையைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அந்தப் பிராணியின் உரோமத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

சின்சில்லாவின் ஊர் தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலை. குளிரும் வறட்சியும் உள்ள இடம். ஒரே மயிர்க்காலிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட மயிர்கள் முளைக்கும். அந்த உரோமத்துக்காகவே வேட்டையாடி அழித்தார்கள். 1910இல் சிலி, ஆர்ஜென்டினா, பொலிவியா, பெரு நான்கும் சேர்ந்து வேட்டையைத் தடுக்க உடன்படிக்கை செய்யும் அளவுக்கு நிலைமை போனது.

அவ்வளவு அடர்ந்த உரோமம் நனைந்தால் லேசில் காயாது, பூஞ்சணம் பிடிக்கும். அதனால் அதற்குத் தண்ணீர்க் குளிப்பு இல்லை. எரிமலைச் சாம்பல் போன்ற மெல்லிய தூளில் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை புரளவிட வேண்டும். வெப்பம் 25 பாகையைத் தாண்டினாலே அதற்கு ஆபத்து. நம்ம ஊரில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகலில் 33 பாகை சாதாரணம். வாவிக்கரைப் புழுக்கம் வேறு. இரவும் பகலும் ஏசி போட்டால்தான் அது உயிரோடு இருக்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் போனதை நாம் மறந்துவிட்டோமா?

ஆகவே வாப்பாமாரே, உம்மாமாரே, சின்சில்லா வேண்டாம். ஏற்கனவே நம் வீடுகளில் இருக்கும் முயலையும் நீளமயிர்ப் பூனையையும் ஒழுங்காகப் பார்ப்போம்.

முயலையும் குளிப்பாட்டக் கூடாது. பயத்திலேயே அதிர்ச்சி வந்துவிடும். வாரத்துக்கு இரண்டு தடவை மெதுவான பிரஷால் வாரிவிடுங்கள். மயிர் கொட்டும் காலத்தில் தினமும் வாருங்கள். முயல் தன்னை நக்கும்போது மயிரை விழுங்கும். அதனால் வாந்தி எடுக்க முடியாது. நிறையப் புல் தின்றால்தான் விழுங்கியது வெளியேறும். பின்பக்க மயிரில் அழுக்கு ஒட்டியிருக்கிறதா என்று தினமும் பாருங்கள். ஈ முட்டையிட்டால் புழு உயிரோடு தசையைத் தின்னும். வெயில் காலத்தில் கூட்டை நிழலுக்கு மாற்றி, உறைய வைத்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள்.

வீடியோவைப் பார்த்துவிட்டு ஆற்று மணலிலோ குழந்தைப் பவுடரிலோ முயலைப் புரளவிடாதீர்கள். பவுடர் நுரையீரலுக்குள் போகும்.

பூனையின் மயிர் சடை பிடித்தால் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். தோலும் சேர்ந்து வெட்டுப்படும். விரலால் பிரித்துவிட்டுச் சீப்பால் வாருங்கள். மாரி காலத்தில் வட்ட வட்டமாக மயிர் கொட்டினால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். அது படையாக இருந்தால் பிள்ளைகளுக்கும் தொற்றும்.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் கதையை மத்ரஸாவில் எல்லோரும் ஓதியிருக்கிறோம். கூட்டுக்குள் வைத்த உயிர் தானாக நிழல் தேடிப் போக முடியாது. அந்த நிழலை நாம்தான் கொடுக்க வேண்டும். இன்று அஸருக்குப் பிறகு பிள்ளைகளோடு ஒரு தடவை கூட்டைப் போய்ப் பாருங்கள்.