செல்லிப்பட்டில் நட்சத்திரம் பிடித்தேன்!

புதுச்சேரி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். அதை விடுங்கள் சார். நான் போனது நட்சத்திரம் பிடிக்க!

வில்லியனூர் தாண்டி, சங்கராபரணி ஆற்றை ஒட்டி இருக்கிறது செல்லிப்பட்டு. கரும்பு, நெல், பம்ப்செட், பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கட்டி 2021 வெள்ளத்தில் உடைந்த படுகை அணை... என் மனைவியின் சித்தப்பாவுக்கு அங்கே கொஞ்சம் நிலம். நகரத்து வெளிச்சம் கிழக்கே மட்டும் மங்கலாகத் தெரியும். தலைக்கு மேலே நல்ல இருட்டு. தை அமாவாசையன்று டெலஸ்கோப், கேமரா, லேப்டாப், பிளாஸ்க் சகிதம் போய் இறங்கினேன்.

"என்ன மாப்ளே, கல்யாண வீடியோவா?" என்றார் மாமா.

"ஓரியன் நெபுலா, மாமா! வெளிச்சம் அங்கேருந்து கிளம்பி 1,300 வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அவ்வளவு நாள் நடந்து வந்தது இன்னும் அஞ்சு நிமிஷம் நிக்கும். காபி சாப்பிட்டுட்டுப் போங்க."

வானத்தைப் போட்டோ எடுப்பது ஒரு 'க்ளிக்'கில் முடிகிற வேலை இல்லை. பூமி சுற்றுகிறதே! அதற்கு ஈடாக ஒரு மோட்டார் டெலஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு படத்துக்கு இரண்டு, மூன்று நிமிஷம். அப்படி நாற்பது, ஐம்பது படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். மோட்டார், கேமரா, லென்ஸைச் சுற்றி வெதுவெதுப்பாகச் சூடு காட்டும் பட்டை... எல்லாம் 12 வோல்ட். மொத்தம் நாலைந்து ஆம்பியர் இழுக்கும்.

அந்தப் பட்டை எதற்கு? பனிக்கு! பனி மேலிருந்து 'பெய்வதாக' நாம் சொல்கிறோம். கிடையாது. திறந்தவெளியில் கண்ணாடியும் இரும்பும் தங்கள் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிட்டு, காற்றைவிடக் குளிர்ந்துபோகின்றன. ஈரக்காற்று வந்து தொட்டால் தண்ணீர். ஐஸ் வாட்டர் டம்ளர் வேர்க்கிறதே, அதே கதைதான். ஆற்றங்கரை, பக்கத்தில் நெல் வயல்... கேட்க வேண்டுமா? ஒன்பது மணிக்கே என் டெலஸ்கோப் குளித்து முடித்திருந்தது.

படித்தவன் செய்த காரியத்தைக் கேளுங்கள். பம்ப்செட் கொட்டகையிலிருந்து 230 வோல்ட்டை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இழுத்து வரப்பில் வைத்தேன். அடாப்டரைச் சொருகி, பிளாஸ்டிக் பையால் சுற்றினேன். முக்காலியில் கை வைத்தேன்.

சுரீர்!

பெரிசாக இல்லை, கட்டெறும்பு கடித்த மாதிரி. எர்த் இல்லாத இடத்தில் அடாப்டர் இப்படிக் கொஞ்சம் கசிவது உண்டு. கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி வேலையைப் பார்த்தேன். மாமா கவனித்துவிட்டார். ஒன்றும் பேசாமல் போய் மெயினை ஆஃப் செய்தார்.

"இதே வரப்புதான் மாப்ளே. ஒரு மழை நாள்ல மோட்டார் ஒயர் அறுந்து கிடந்துச்சு. எங்க செவலை மாடு மிதிச்சிடுச்சு. காப்பாத்த ஓடினேன். உங்க அத்தை இடுப்பைப் பிடிச்சு இழுக்கலேன்னா, மாட்டுக்குப் பக்கத்துல நானும் கிடந்திருப்பேன். எங்க அண்ணன் பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

எனக்கு நாக்கு எழவில்லை. காய்ந்த தோல் மின்சாரத்தைக் கொஞ்சமாவது தடுக்கும். நனைந்த தோல் கதவைத் திறந்து 'வா' என்று கூப்பிடும். காலடியில் ஈர மண் வேறு. பிளாஸ்டிக் பை காப்பாற்றுமா? அதற்குள்ளேயும் வேர்க்கும்! 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் பட்டென்று நிறுத்திவிடும் ஆர்.சி.சி.பி. என்ற டப்பா இருக்கிறது. கொட்டகையில் அது இல்லை.

"எல்லாம் பன்னெண்டு வோல்ட்டுன்னீங்களே... கார்ல பேட்டரி இல்லையா?" என்றார் மாமா.

அசடு வழிந்தபடி காரைக் கொண்டுவந்தேன். பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் போட்டு ஒயர் இழுத்தேன். 12 வோல்ட் ஆளைத் தூக்கி அடிக்காது. ஆனால் ஷார்ட் ஆனால் ஒயரைக் கொளுத்திவிடும். இணைப்புகளை ஸ்டூல் மேல் வைத்து, பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்தோம். "ஒயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு மேலே ஏத்துங்க. தண்ணி தொங்கல்லயே சொட்டிடும், பிளக்குக்குள்ள போகாது" என்றார் மாமா. எந்தக் காலேஜில் படித்தாரோ!

கேமரா ஓடிக்கொண்டிருந்தபோது லெ ஜான்தியை நினைத்துக்கொண்டேன். 1761-ல் சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க, பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குக் கிளம்பியவர். வருவதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. ஆடுகிற கப்பலில் இருந்து பார்த்தது கணக்குக்கு உதவவில்லை. எட்டு வருஷம் காத்திருந்து, புதுச்சேரியிலேயே ஆய்வுக்கூடம் அமைத்து, 1769 ஜூன் 4 காலையில் அண்ணாந்தால்... மேகம்! ஊர் திரும்பினால், ஆள் செத்துவிட்டதாகச் சொத்துக்குச் சொந்தக்காரர்கள் தயார். அவரோடு ஒப்பிட்டால் எனக்கு ஒரே ஒரு 'சுரீர்'தானே!

ஒரு மணிக்கு நாற்பது படம் தேறியது. லேப்டாப்பில் செக்கச்சிவந்த மேகம் விரிந்தது.

"சாம்பிராணிப் புகையாட்டம் இருக்கே..." என்றார் மாமா.

"அதுக்குள்ள நட்சத்திரம் பொறந்துக்கிட்டிருக்கு மாமா."

"பிரசவ வார்டுன்னு சொல்லுங்க!" அத்தையை எழுப்பிக் காட்ட ஓடினார்.

காலையில் சாவியைத் திருகினால் கார் 'க்ளக்' என்றது. அவ்வளவுதான்! கார் பேட்டரி ஒரு மூச்சில் தம் கட்டி எஞ்சினை உசுப்பும் பயில்வான். ராத்திரி முழுக்க மூட்டை சுமக்கிற ஆள் இல்லை. நாலு மணி நேரம், ஐந்து ஆம்பியர் என்றால் 20 ஆம்பியர்-ஹவர். சின்னக் கார் பேட்டரியின் மொத்தமே சுமார் 35தான். நாலு பேர் செல்லிப்பட்டு மண் ரோட்டில் தள்ளினார்கள். அதில் இரண்டு பேர் ஓரியன் எது என்று கேட்டுக்கொண்டே தள்ளினார்கள்.

"அடுத்த அமாவாசைக்குத் தனி லித்தியம் பேட்டரியோட வர்றேன் மாமா" என்றேன்.

"வாங்க. வரும்போது, நிறுத்திடும்னு சொன்னீங்களே, அந்த டப்பா... அதுல ஒண்ணு கொட்டகைக்கு வாங்கிட்டு வாங்க."

முதலில் அதைத்தான் வாங்கினேன்.