இந்தூரில் கற்ற பாடம்

இந்தூருக்குச் சென்று வந்தோர் ராஜவாடா அரண்மனையையும், சராஃபா கடைவீதியின் இரவுப் பலகாரக் கடைகளையும் புகழ்ந்துரைப்பர். நாமோ அங்கே குப்பையினால் ஒரு பாடம் கற்றுத் திரும்பினோம்.

உறவினர் இல்லத்தில் தங்கியிருந்தபோது, காலையில் தெருவிலே பாட்டொலி கேட்டது. நகராட்சியின் குப்பை வண்டி அது. ஊருக்குப் புதியவராகிய நாம், காப்பிச் சக்கையையும், புளிக்கோதையும், காய்கறித் தோலையும் பால் உறைகளோடு ஒன்றாய்க் கட்டி நீட்டினோம். வண்டியில் வந்தவர் வாங்க மறுத்தார். "பிரித்துக் கொடுங்கள், ஐயா. இல்லாவிடில் அங்கே எங்களில் ஒருவர்தாம் கையால் பிரிக்க வேண்டும்" என்றார். அண்டை வீட்டார் நோக்க, நாம் நாணி நின்று உறைகளைப் பொறுக்கினோம்.

எருவாக்கும் கலைக்கு அவ்வூர் புதிதன்று. 1924 முதல் 1931 வரை அங்கே ஆராய்ச்சி நிலையம் நடத்திய ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கிலேயர், இலைதழை, சாணம், மாட்டுச் சிறுநீர் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காய் இட்டு, ஈரம் காத்து, அவ்வப்போது புரட்டி, சுமார் 3 மாதங்களில் எருவாக்கும் வழியை வகுத்தார். உலகம் அதனை 'இந்தூர் முறை' என்றே அழைக்கின்றது.

அத்தகைய ஊரிலும், தேவகுராடியா என்னுமிடத்தில் குப்பை மலைபோற் குவிந்திருந்த காலம் உண்டு. அது அகற்றப்பட்டபின், 2022 பிப்ரவரி 19 அன்று அங்கே ஓர் ஆலை திறக்கப்பெற்றது. நாள்தோறும் 550 டன் ஈரக் குப்பையை ஏற்குமாறு அமைந்தது அது. மூடிய கலங்களில் குப்பை நொதித்து எரிவாயுவாகின்றது, எஞ்சியது எருவாகின்றது. ஹோவர்டின் குழிக்குக் காற்று வேண்டும். இவ்வாலையின் கலத்திற்குக் காற்று ஆகாது. ஆயினும், பிளாஸ்டிக் கலத்தல் இரண்டிற்கும் கேடே.

பிழைப்பை நாடி வந்த நம்மவருள் சிலர், 'இது நம் ஊரா என்ன?' என்று தெருவில் வீசிவிடுகின்றனர். வீடு வாடகையேயாயினும், நம் பிள்ளைகள் விளையாடுவது இத்தெருவில்தானே! சங்கக் குடும்பங்கள் ஈரக் குப்பைக்கு ஒன்று, உலர்ந்ததற்கு ஒன்று என இரு தொட்டிகள் வைக்குமாறு வேண்டுகிறோம். வண்டி வாராத தெருவினர், துளையிட்ட பழம்பானையில் காய்கறித் தோலையும் சருகையும் மாறி மாறி இட்டுக் கிளறி வரலாம்.

வீடு திரும்பியதும் நாமும் ஒரு பானை வைத்தோம். முதல் வாரம் நாற்றம் எழுந்தது. சருகைக் கூட்டியதும் அடங்கிற்று. இப்போது அவ்வெருவில் கறிவேப்பிலைச் செடி தளிர்த்திருக்கின்றது. காண விழையும் அன்பர்கள் எப்போதும் வரலாம்.