அடுத்தவர் காது

எங்கள் கிளையில் மாலை நாலு மணிக்கு மேல் ஒரு விதமான ஓய்வு வரும். ஓய்வு என்றால் வேலை இல்லை என்று அர்த்தமில்லை. ரொக்கத்தைச் சரிபார்க்க வேண்டும், வவுச்சர்களை அடுக்கிக் கட்ட வேண்டும். எதிரில் முகங்கள் இல்லை, அவ்வளவுதான். அந்த நேரத்தில் என் பக்கத்து மேஜைக்காரர் தன் கைபேசியை ஸ்டாம்ப் பேடின் மேல் சாய்த்து வைத்துப் பாட்டுப் போடுவார். எழுபதுகளின் சினிமாப் பாட்டுகள். ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருந்த மனிதர். நாங்கள் அவரைப் பெரியவர் என்றுதான் சொல்வோம்.

பாட்டுகள் மோசமானவை அல்ல. என் கஷ்டமே அதுதான். மோசமான பாட்டென்றால் காதை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளலாம். நல்ல பாட்டைக் கேட்காமல் இருக்க முடிவதில்லை. எண்ணிக்கொண்டிருக்கும் நோட்டு சரணத்தில் தவறிப் போகும். 2024 பிப்ரவரியில் ஒரு நாள் ரொக்கத்தில் ஐநூறு ரூபாய் குறைந்தது. இரண்டு முறை எண்ணியபின் கிடைத்துவிட்டது. ஆனாலும் நான் மானேஜரிடம் போய்ச் சொன்னேன். பெரியவரிடம் சொல்லவில்லை, மானேஜரிடம் சொன்னேன். மறுநாள் அலுவலகத்தில் பாட்டுக் கூடாது என்று வாய்மொழி உத்தரவு வந்தது. யார் சொல்லி வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பெரியவர் கைபேசியை மேஜை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு நாலு மணிக்கு மேல் எனக்கு நோட்டு எண்ணும் இயந்திரம் கேட்டது. பாஸ்புக் அச்சடிக்கும் இயந்திரத்தின் கிறீச்சு கேட்டது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை முனகுவது கேட்டது. இந்த நிசப்தம் நான் வாங்கியது. ஆனால் அதில் உட்கார்ந்திருப்பது சௌகரியமாக இல்லை.

இது வங்கிக்காரர்களின் ஊர். இங்கே பழைய வீடுகளில் கணக்கு எழுதுகிற இடத்துக்குப் பெட்டியடி என்றொரு பெயர் உண்டு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன வட்டிக்கடைகளில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை இருந்தது. 1937 பிப்ரவரி 10ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கி சென்னையிலும் ரங்கூனிலும் காரைக்குடியிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. (நான் இருப்பது அதில் அல்ல, வேறொரு வங்கி.) பெட்டியடியில் யாரும் பாடியிருப்பார்கள் என்று தோன்றவில்லை. அங்கே மேலாள் ஒருவர் இருந்தால் போதும், மற்றவர்கள் தாமாகவே அடங்கியிருப்பார்கள். நான் மானேஜரை வைத்துச் செய்ததும் அதே காரியம்தான். இது எனக்குப் புரிய ஒரு சின்னப் பிள்ளை தேவைப்பட்டது.

அந்த ஜூன் மாதம் என் பெண்ணைப் பள்ளியில் சேர்த்தோம். மூன்றரை வயது. பள்ளி என்று சொல்லக்கூடாது, அதற்கு முந்தியது. சுவரில் கரடியும் ஆப்பிளும் வரைந்த ஓர் இடம். காலை ஒன்பதரைக்குப் பிள்ளைகள் உள்ளே நுழையும்போதே ஒலிபெருக்கியில் ஆங்கிலப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். பன்னிரண்டு மணி வரை அது நிற்பதில்லை. பாட்டுக்குத் தகுந்தபடி பிள்ளைகள் கையைத் தூக்க வேண்டும், குதிக்க வேண்டும், கத்த வேண்டும். என் பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று பத்தாம் நாள் சொல்லி அனுப்பினார்கள். குழந்தை கூட்டத்தோடு சேரவில்லை, டாக்டரிடம் காட்டுங்கள் என்றார்கள். காட்டினோம். காதில் ஒன்றுமில்லை. வீட்டில் அவளிடம் கேட்டால் ஒரே பதில்: "அங்க ரொம்ப சத்தம்ப்பா."

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஓர் அங்கன்வாடி இருக்கிறது. இந்தத் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் தேதி ஆரம்பிக்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000க்கு மேற்பட்ட மையங்கள் உண்டு. இருந்தும் ஒரு வங்கி ஊழியன் தன் பெண்ணை அங்கே சேர்ப்பது என்பது எங்கள் வீட்டில் சாதாரண விஷயமாக இருக்கவில்லை. "சம்பளக்காரன் புள்ளய பால்வாடிக்கு அனுப்புறதா?" என்று என் அம்மா கேட்டாள். என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கும் உள்ளூரக் கூச்சம்தான். கொள்கை வேறு, தெருவில் நாலு பேர் பார்க்க நடந்து போவது வேறு.

அங்கே ஒலிபெருக்கி இல்லை. இருந்திருந்தால் போட்டிருப்பார்களோ என்னவோ. டீச்சர் ஒருவர், சமையலுக்கு ஓர் அம்மாள், பதினாலு பிள்ளைகள். முதல் நாள் நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். டீச்சர் ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். சத்தம் போட்டு அல்ல, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுகிற குரலில். கூச்சல் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் தங்கள் பேர் வந்துவிட்டதோ என்று கொஞ்சம் கொஞ்சமாக அடங்கினார்கள். என் பெண்ணின் பேர் வந்தது. அவள் காதிலிருந்து கையை எடுத்தாள்.

மரியா மாண்டிசோரி தன் புத்தகத்தில் மௌன விளையாட்டு என்று ஒன்றைச் சொல்கிறார். 1907இல் ரோமாபுரியின் ஓர் ஏழைக் குடியிருப்பில் தன் முதல் பள்ளியைத் திறந்தவர் அவர். ஒரு நாள் நாலு மாதக் குழந்தை ஒன்றை வாங்கி வகுப்புக்குள் எடுத்துப் போனார். இந்தக் குழந்தை எவ்வளவு சத்தமில்லாமல் இருக்கிறது பாருங்கள், உங்களால் முடியுமா என்று கேட்டார். பிள்ளைகள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார்கள். பிறகு அவர் அடுத்த அறைக்குப் போய், நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஒவ்வொருவராக ரகசியக் குரலில் கூப்பிட்டார். பேர் காதில் விழுந்தவர் ஓசைப்படாமல் எழுந்து வர வேண்டும். கடைசிப் பிள்ளை வரைக்கும் காத்திருந்தார்களாம். 1939இல் அடையாறுக்குப் பயிற்சி வகுப்பு நடத்த வந்த மாண்டிசோரி, யுத்தத்தால் 1946 வரை இந்தியாவிலேயே இருக்க நேர்ந்தது. எங்கள் அங்கன்வாடி டீச்சர் அவரைப் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் விஷயம் ஒன்றுதான். 'சத்தம் போடாதே' என்பதால் வரும் அமைதி ஒன்று. நம் பேர் எப்போது வருமோ என்று காது கொடுப்பதால் வரும் அமைதி வேறொன்று. முதலாவதை நான் அலுவலகத்தில் ஏற்படுத்தியிருந்தேன்.

காரைக்குடி என்ற பெயர் சங்கீத உலகத்தில் தெரிந்திருப்பது வீணை வாசித்த இரண்டு சகோதரர்களால். சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர். மூத்தவர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசிப்பார் என்பது பிரசித்தம். வீணையின் நாதம் உரக்க வருவதல்ல. பெரிய கூடத்தில் கடைசி வரிசை வரை அது போக வேண்டுமானால் நடுவில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் அடங்க வேண்டும். கேட்கிறவர்களும் அங்கே பாதி வாசிக்கிறார்கள் என்று சொல்லலாம். இந்த ஊரில் இன்று எந்த விசேஷத்துக்கும் தெருவுக்கு நாலு குழாய் கட்டுகிறோம். யாரும் யாருக்கும் காது கொடுக்க வேண்டிய தேவை அதில் இல்லை.

எனக்கு ஹாக்கிப் பைத்தியம் உண்டு. பள்ளியில் நான் கோல் கீப்பர். ஆட்டம் நன்றாக வந்ததால் அல்ல, ஓட முடியாததால். கோல் கீப்பருக்குப் பந்தைத் தடுப்பதைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. முன்னால் நிற்பவர்களின் முதுகுக்குப் பின்னால் நடப்பது அவனுக்குத்தான் தெரியும். ஆகவே பேர் சொல்லிக் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அது கூச்சல். முன்னால் நிற்பவனுக்கு அது தன் பேர்.

ஹாக்கி ரசிகனாக இருப்பது சிறுபத்திரிகை வாசகனாக இருப்பது போன்றதுதான். பக்கத்தில் ஆள் இருக்காது. நம் தேசிய விளையாட்டு என்பார்கள். அப்படி எந்த விளையாட்டையும் அறிவிக்கவில்லை என்று 2012இல் ஒரு மாணவியின் தகவலறியும் உரிமை மனுவுக்கு அரசாங்கமே பதில் சொல்லியது. என் அப்பாவின் காலம் அப்படி இல்லை. 1975 மார்ச் 15ஆம் தேதி கோலாலம்பூரில் உலகக் கோப்பை இறுதியாட்டம். அப்பாவின் அலுவலகத்தில் ஒரு டிரான்சிஸ்டர். ஹிந்தி வர்ணனை. ஒருவருக்கும் ஹிந்தி தெரியாது. குரல் ஏறுவதையும் இறங்குவதையும் வைத்து ஆட்டத்தை ஊகித்தார்களாம். அசோக் குமார் அடித்த இரண்டாவது கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பிவிட்டது என்று பாகிஸ்தான் தகராறு செய்தது. நடுவர் கோல் என்றார். 2-1. தகராறு நடந்ததே அப்பாவுக்கு மறுநாள் பேப்பரில்தான் தெரிந்தது. அந்த டிரான்சிஸ்டரை வைத்ததற்கு யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்று ஒரு முறை கேட்டேன். அப்பாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "எல்லாரும்ல கேட்டோம்" என்றார்.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி காலை ஏழு மணிக்கு டோக்கியோவில் ஜெர்மனியோடு வெண்கலத்துக்கான ஆட்டம். என் பெண் அப்போது கைக்குழந்தை, தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். டெலிவிஷனில் சத்தத்தை மிகவும் குறைத்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொற்றுக் காலமாகையால் டோக்கியோவில் பார்வையாளர்கள் இல்லை. காலி மைதானம். அதனால் அவ்வளவு குறைத்து வைத்தும், மட்டையில் பந்து படுவதும், பலகையில் அது 'தட்'டென்று மோதுவதும், கோலிலிருந்து ஸ்ரீஜேஷ் கத்துவதும் கேட்டன. 1-3 என்று பின்தங்கியிருந்த இந்தியா 5-4க்கு வந்தது. ஏழு வினாடிகூட மிச்சமில்லாதபோது ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர். ஸ்ரீஜேஷ் தடுத்தார். 1980 மாஸ்கோவில் பாஸ்கரன் தலைமையில் வாங்கிய தங்கத்துக்குப் பிறகு, 41 வருஷம் கழித்து ஒரு பதக்கம். நான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொட்டில் அசையவில்லை. என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த தருணங்களில் ஒன்று சத்தமே இல்லாமல் நடந்தது. அதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. அந்த மௌனத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நான் கொடுத்தேன்.

இனி நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஆகஸ்ட் 8, வியாழக்கிழமை. பாரிஸில் ஸ்பெயினோடு மீண்டும் வெண்கலத்துக்கான ஆட்டம், நம் நேரத்துக்கு மாலை ஐந்தரை. ஸ்ரீஜேஷுக்கு அது கடைசி ஆட்டம். அன்று ரொக்கம் சேரத் தாமதமாகிவிட்டது. ஐந்தரைக்கு நான் கைபேசியை எடுத்து, ஸ்டாம்ப் பேடின் மேல் சாய்த்து வைத்து, ஆட்டத்தைப் போட்டேன். சத்தத்தோடுதான். கை தானாகச் செய்தது என்று சொன்னால் அது பொய். உத்தரவு எனக்கு ஞாபகம் இருந்தது. இது பாட்டு இல்லையே என்றும் ஒரு எண்ணம் ஓடியது. விமர்சகன் தனக்கென்று எப்போதும் ஒரு பிரிவு எழுதி வைத்திருப்பான்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் என் தோளுக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. பெரியவர். ஸ்பெயின் ஒரு கோல் போட்டிருந்தது. "நம்மாளு யாரு தம்பி, நீலமா?" என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். ஹர்மன்பிரீத் இரண்டு பெனால்டி கார்னர்களைக் கோலாக்கினார். 2-1. கடைசி நிமிஷங்களில் அவர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்து ஸ்ரீஜேஷ் கோல் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்தபோது பெரியவர் கை தட்டினார். பிறகு தன் மேஜைக்குப் போய் வவுச்சர்களை எடுத்துக்கொண்டார். பிப்ரவரி மாதத்தைப் பற்றி ஒரு குத்தல், ஒரு சிரிப்பு, ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

நாங்கள் ரசனை, ரசனை என்று முப்பது பக்கம் எழுதுகிறோம். எது நல்லது என்று சொல்வதில் எங்களுக்கு உள்ள ஆர்வம், பக்கத்தில் இருப்பவன் எதைக் கேட்கிறான், ஏன் கேட்கிறான் என்று விசாரிப்பதில் இருப்பதில்லை. பெரியவரிடம் நான் கேட்டிருக்க வேண்டியது ஒரே வாக்கியம்: "சார், எண்ணி முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் குறைச்சுக்கிறீங்களா?" அவர் குறைத்திருப்பார். அதுவும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது போன்றதுதான். நான் மேலாளைக் கூப்பிட்டேன்.

2025இல் அவர் ஓய்வு பெற்றார். கடைசி நாள் மாலை, மாலை போட்டு, வடையும் காப்பியும் ஆனபின், "ஒரு பாட்டுப் போடுங்க சார்" என்று கேட்டேன். "வேணாம் தம்பி, வீட்ல போயிக் கேட்டுக்கிறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அந்த வருஷம் நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. ஒரு நாள் லீவு போட்டுப் பெண்ணை மதுரைக்குக் கூட்டிப் போனேன். இந்தியா ஆடாத ஓர் ஆட்டம். இரண்டும் வெளிநாட்டு அணிகள், இருபது வயதுப் பிள்ளைகள். கோலுக்குப் பக்கமாக இடம் கிடைத்தது. கூட்டம் இரைச்சலாகத்தான் இருந்தது. இவள் காதைப் பொத்திக்கொள்வாளோ என்று நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கோல் கீப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பையன் முகமூடிக்குள்ளிருந்து விடாமல் கத்திக்கொண்டிருந்தான். எங்களுக்குப் புரியாத பாஷை.

"அவரு யாரப்பா கூப்பிடுறாரு?" என்று கேட்டாள்.

முன்னால் நிற்கிறவர்களை என்றேன்.

"அவங்க ஏன் திரும்பிப் பாக்கல?"

திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை, கேட்டால் போதும் என்றேன். அவள் ஒத்துக்கொண்டாளா என்று தெரியவில்லை. ஆட்டம் முடியும் வரை காதைப் பொத்தவில்லை.