பீன்ஸும் இல்ல, தக்காளியும் இல்ல... வெறும் பெரிய கறி!

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி அதிகம் மக்களே. இன்னிக்கு எப்படியாவது ஒரு சமையல் பதிவு போட்டுடறதுன்னு உட்கார்ந்துட்டேன். மொதல்லயே சொல்லிடறேன், இது மாட்டுக்கறி சமாச்சாரம். ஆகாதவங்க இப்பவே ஜூட் விட்டுக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

எங்க டீம்ல ஒரு அண்ணாத்தே இருக்கார். ரெண்டு வருஷம் டெக்ஸாஸ்ல, ஆஸ்டின்ல பொட்டி தட்டிட்டு இப்பத்தான் திரும்பி வந்திருக்கார். வந்த கையோட சேலையூர்ல ஃப்ளாட் வாங்கி கிரகப்பிரவேசமும் முடிச்சாச்சு. அன்னிக்கு ரிலீஸ் இருந்ததால நாங்க ஒருத்தரும் போகல. "பரவால்ல, ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாங்க, என் கையால டெக்ஸாஸ் சில்லி செஞ்சு போடறேன்"னார்.

சில்லின்னதும் நமக்கு சில்லி சிக்கன், கோபி சில்லிதானே ஞாபகம் வரும்? நானும் அப்படித்தான் நினைச்சேன். லஞ்ச் டேபிள்ல க்ளாஸ் எடுக்க ஆரம்பிச்சுட்டார். சில்லி கான் கார்னேன்னா ஸ்பானிஷ்ல 'கறி போட்ட மிளகாய்'னு அர்த்தமாம். அமெரிக்காவுல மத்த இடங்கள்ல அதுல ராஜ்மா மாதிரி பீன்ஸ் போடுவாங்க, தக்காளி போடுவாங்க. டெக்ஸாஸ்காரன்கிட்ட அப்படிச் சொன்னா அடிக்க வருவானாம். அங்க சில்லின்னா மாட்டுக்கறி, காய்ஞ்ச மிளகாய், சீரகம், பூண்டு. முடிஞ்சுது கதை. டெர்லிங்குவான்னு ஒரு பாலைவன ஊர்ல 1967-லேருந்து சில்லி சமையல் போட்டி நடக்குது. பீன்ஸ், மக்ரோனி, அரிசின்னு எதையும் போட்டு சட்டியை நிரப்பக்கூடாதுன்னு போட்டி விதியே இருக்கு.

எல்லாம் சொல்லிட்டு கடைசியில கேட்டார் பாருங்க ஒரு கேள்வி. "ஆமா, நம்ம ஏரியாவுல நல்ல பீஃப் எங்கப்பா கிடைக்கும்?"

டேபிள்ல எட்டு பேர். ஒருத்தர் தயிர்சாதத்துல மாதுளை முத்தை எண்ண ஆரம்பிச்சுட்டார். இன்னொருத்தருக்கு திடீர்னு போன்ல முக்கியமான வேலை. எனக்கு? எனக்கு பல்லாவரத்துலேருந்து பெருங்களத்தூர் வரைக்கும் எந்தச் சந்துல எந்தக் கடை, எந்தக் கடையில எத்தனை மணிக்குப் போனா தொடைக்கறி கிடைக்கும்னு அத்தனையும் தெரியும். ஆனா வாய் வரல.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

எங்க ஊரு மதுராந்தகம் பக்கம். எங்க தெரு இருக்கற இடத்துக்கு காலனின்னு பேரு. (அரசுப் பதிவுகள்லேருந்து அந்த வார்த்தையை எடுக்கப் போறோம்னு 2025-ல சட்டசபையில அறிவிச்சாங்க. பஸ் கண்டக்டருக்கு இன்னும் சேதி போகல!) ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல கறி. ஆனா அதுக்கு 'பெரிய கறி'ன்னுதான் பேரு. ஸ்கூலுக்கு டப்பாவுல கட்டிக் குடுக்கும்போது அம்மா சொல்லி அனுப்பும், "எவனாச்சும் கேட்டா மட்டன்னு சொல்லிடு." அஞ்சாங்கிளாஸ்ல ஆரம்பிச்ச அந்தப் பொய், இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல் வரைக்கும் கூடவே வந்துச்சு.

வேலை கிடைச்சு முடிச்சூர் ரோடு பக்கம் வாடகைக்கு வீடு எடுத்தேன். ஓனர் மாடியில. நல்ல மனுஷன், தண்ணி கஷ்டம் வந்தா அவர் வீட்டுக்கு முன்னால எங்களுக்குத்தான் லாரித் தண்ணி விடுவார். ஒரு ஞாயித்துக்கிழமை குக்கர் விசில் அடிச்சு முடியறதுக்குள்ள கதவைத் தட்டினார். "என்ன தம்பி, வாசனை தூக்குது?" நான் யோசிக்கவே இல்ல. "மட்டன் அங்கிள்." மாசக் கடைசியில மட்டன் திங்கற பணக்காரன்னு முடிவு பண்ணிட்டார் போல. அடுத்த மாசமே வாடகையில 500 ரூபா ஏத்திட்டார். அவ்வ்வ்வ்...

சிரிப்பாத்தான் இருக்கு. ஆனா அதுக்கப்புறம் ஊர்லேருந்து அம்மா வந்தா என் வீட்ல கறி சமைக்கறதே இல்ல. "வேணாம்டா, மேல இருக்கறவங்க மூஞ்சி சுளிப்பாங்க"ன்னு சாம்பார் வெச்சுட்டுப் போயிடும். அதுல எனக்குச் சிரிப்பு வரல.

சரி, லஞ்ச் டேபிளுக்கு வருவோம். எங்கேருந்து தைரியம் வந்துச்சுன்னு தெரியல. "எனக்குத் தெரியும்ணே. ஞாயித்துக்கிழமை காலைல 7 மணிக்கு ரெடியா இருங்க"ன்னுட்டேன். ஒரு செகண்ட் எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. அப்புறம் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போயிடுச்சு. இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை வருஷம் மட்டன் மட்டன்னு சாதிச்சேன்? சாயங்காலம் பக்கத்து சீட்டு நாகர்கோவில்காரன் மெதுவா வந்து காதோரமா கேட்டான், "மச்சி, ஈரல் கிடைக்குமா?"

பல்லாவரம் கடையில பாய்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். "வறுவலா, பிரியாணியா?"ன்னார். "ரெண்டும் இல்ல பாய், டெக்ஸாஸ்"னேன். ஒரு மாதிரி பார்த்துட்டு, முக்கால் கிலோ தொடைக்கறியும் கால் கிலோ ஜவ்வோட கால்கறியும் போட்டார். "ஜவ்வு இல்லாம குழம்பு கெட்டியாகாது தம்பி." எந்தச் சமையல் புத்தகத்துல இதைப் படிச்சார்னு தெரியல, ஆனா அறிவியல் அதுதான். அந்த ஜவ்வுல இருக்கற கொலாஜன் நிதானமா வெந்தா ஜெலட்டினா கரையும். பீன்ஸ் போட்டு வர்ற கெட்டித்தனம் அதுலயே வந்துடும்.

நம்ம ஊர் கறி ஏன் இவ்வளவு நேரம் வேகுதுங்கறதுக்கும் காரணம் இருக்கு. தமிழ்நாட்டுல 1958-ஆம் வருஷத்துச் சட்டப்படி, 10 வயசு தாண்டி, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஆகாததுன்னு சான்று வாங்கின மாட்டைத்தான் வெட்டலாம். பசுவையும் கிடாரியையும் வெட்ட 1976-லேருந்து தடை. அதனால நமக்கு வர்றது பெரும்பாலும் வயசான காளை, எருமை. காலமெல்லாம் ஏர் இழுத்த தொடை மூணு விசில்ல மசியுமா என்ன?

அண்ணாத்தே வீட்டுக் கிச்சன்லேருந்து அம்மாவுக்கு போன் போட்டேன்.

"யார் வீட்லடா?"

"கூட வேலை பார்க்கற அண்ணன் வீடும்மா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "அவங்களுக்குத் தெரியுமா, என்ன கறின்னு?"

"தெரியும்மா. அவருதான் கேட்டாரு."

அப்புறம்தான் அம்மாவுக்கு வாய் திறந்துச்சு. மடை திறந்த மாதிரி. நடுவுல நான் "தக்காளி எத்தனைம்மா?"ன்னு சும்மா போட்டு வாங்கினேன். "தக்காளியா? உங்க ஆயா காலத்துல கறி வாங்கறதே பெரிய விஷயம், தக்காளிய எவன் கண்டான்? மொளகா, உப்பு, பூண்டு. தக்காளி போட்டா தண்ணி வுட்டு கறி வதங்காது, வேகத்தான் செய்யும்." ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டிருந்த அண்ணாத்தே, "அம்மா, நீங்க டெக்ஸாஸ்ல பொறந்திருக்கணும்"னார். அம்மாவுக்குப் புரியல. "நல்லா இருப்பா"ன்னு ஆசீர்வாதம் பண்ணிட்டு வெச்சிருச்சு.

இனி செய்முறை. ஒரு கிலோ கறிக்கு:

காய்ஞ்ச மிளகாய் 12. எட்டு நீட்டு மிளகாய், நாலு ராமநாதபுரம் முண்டு (2023-ல புவிசார் குறியீடு வாங்கின அதே முண்டுதான்). மல்லி விதை 2 டேபிள்ஸ்பூன், சீரகம் ஒண்ணரை டீஸ்பூன், மிளகு, சோம்பு தலா ஒரு டீஸ்பூன், ஒரு துண்டு பட்டை, ரெண்டு கிராம்பு. கருகாம வறுத்துப் பொடிச்சுக்கங்க. ஒரு டேபிள்ஸ்பூன் பச்சரிசியைத் தனியா பொரிய வறுத்துப் பொடி பண்ணி வெச்சுக்கங்க. அண்ணாத்தே ஆஸ்டின்லேருந்து ஆஞ்சோன்னு கருஞ்சிவப்பு மிளகாய் கொண்டு வந்திருந்தார். காரம் கம்மி, கிட்ட மோந்தா உலர்திராட்சை வாசனை. அதுல ரெண்டு சேர்த்தோம். இல்லாதவங்க காஷ்மீரி மிளகாய் போட்டுக்கலாம்.

கறியைக் கழுவி ஈரம் போகத் துடைச்சு, உப்பு, மஞ்சள் தடவுங்க. இரும்பு வாணலியில எண்ணெய் காய்ஞ்சதும் கொஞ்சம் கொஞ்சமா போட்டு நாலு பக்கமும் சிவக்க விடுங்க. மொத்தமா கொட்டினீங்கன்னா தண்ணி விட்டு அவிஞ்சுதான் போகும். எடுத்து வெச்சுட்டு அதே வாணலியில 200 கிராம் சின்ன வெங்காயம், 15 பல் பூண்டு, இஞ்சி விழுது வதக்கி, மசாலாவைப் போட்டு ஒரு பிரட்டு. எல்லாத்தையும் குக்கர்ல சேர்த்து ஒரு டம்ளர் தண்ணி. எட்டு விசில். ஆவி அடங்கினதும் மறுபடியும் வாணலிக்கு மாத்தி, அரிசிப்பொடியைக் கரைச்சு ஊத்தி, சின்னத் தீயில 20 நிமிஷம் சுண்ட விடுங்க. ஓரத்துல எண்ணெய் பிரிஞ்சு மினுமினுன்னு வந்தா இறக்கிடலாம்.

அந்த அரிசிப்பொடி எங்க ஆயா டெக்னிக். டெக்ஸாஸ்ல அதே இடத்துல மாசான்னு மக்காச்சோள மாவு போடுவாங்களாம். ரெண்டு பேருக்கும் முன்னபின்ன அறிமுகமே கிடையாது!

சாப்பிட்டோம். எங்க வீட்ல கேழ்வரகு களியோட, இங்க ஃப்ளாட்ல பரோட்டாவோட. பீன்ஸ் இல்லையேன்னு ஒருத்தரும் தேடல. ரெண்டு கரண்டியிலயே வயிறு திம்முனு ஆயிடுச்சு. ஈரல் கேட்டவன் மூணாவது தடவை தட்டை நீட்டினான்.

சாப்பிட்டுட்டு பால்கனியில நிக்கும்போது அண்ணாத்தே ஒரு கதை சொன்னார். 1880கள்ல சான் ஆன்டோனியோ நகரத்துச் சதுக்கத்துல மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் ராத்திரி ராத்திரி அடுப்பு மூட்டி சில்லி வித்தாங்களாம். 'சில்லி ராணிகள்'னு பேரு. 1930கள்ல சுகாதார விதியைக் காட்டி நகராட்சி அவங்களைத் தெருவுலேருந்து எடுத்துட்டுது. 1977-ல அதே சில்லியை டெக்ஸாஸ் சட்டசபை மாநிலத்தோட உணவுன்னு அறிவிச்சுது. வித்தவங்களை விரட்டியாச்சு, வித்த பண்டத்துக்குக் கிரீடம்.

எனக்கு ஆம்பூர் ஞாபகம் வந்துச்சு. 2022 மே மாசம் அங்க மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவிச்சுது. பீஃப் பிரியாணிக்கு மட்டும் இடமில்ல. எதிர்ப்பு கிளம்பி, இது பாகுபாடாச்சேன்னு மாநில எஸ்.சி., எஸ்.டி. ஆணையம் நோட்டீஸ் அனுப்ப, கடைசியில மழையைக் காரணம் காட்டி திருவிழாவே தள்ளிப் போச்சு. அங்கயாவது விரட்டிட்டு கிரீடம் வெச்சாங்க. இங்க பேரைச் சொல்லவே பயந்துக்கிட்டு 'பெரிய கறி'ன்னு கிசுகிசுத்துக்கிட்டிருக்கோம். அப்படிக் கிசுகிசுத்தவங்கள்ல நானும் ஒருத்தன். அதைத்தான் அன்னிக்கு ராத்திரி பூரா யோசிச்சுக்கிட்டிருந்தேன்.

போன ஞாயித்துக்கிழமை என் வீட்லயே செஞ்சேன். ஆறாவது விசில்ல கதவு தட்டற சத்தம்.

"என்ன தம்பி, இன்னிக்கும் மட்டனா?"

"இல்ல அங்கிள். பீஃப்."

ஒரு நிமிஷம் நின்னார். "ம்"னார். மாடிப்படி ஏறிப் போயிட்டார். ஒண்ணாந்தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு. வாடகை ஏறுமா, வீட்டையே காலி பண்ணச் சொல்வாரா, இல்ல எப்பவும் போல லாரித் தண்ணி விடுவாரா, ஒண்ணும் தெரியல.

அம்மாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன். "ஏண்டா சொன்ன? வேற வீடு கிடைக்கறது என்ன சும்மாவா?"ன்னு ஒரு மூச்சு திட்டித் தீர்த்துச்சு. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, குரலை இறக்கி, "நான் அடுத்த வாரம் வரேன். நீ ஒண்ணும் பண்ணாத, கறி மட்டும் வாங்கி வை. நானே ஆக்கறேன்."

பி.கு: மீதி இருந்தா ஃப்ரிட்ஜ்ல வெச்சு மறுநாள் சுண்டக் காய்ச்சி தோசைக்குத் தொட்டுக்கங்க. முதல் நாளைவிட நல்லா இருக்கும். மீதி இருந்தால்தானே :-)